தானே தலைகுனியும் கார்

ஒரு மனிதனின் குலம், கோத்திரம், வளர்ப்பு அனைத்தையும் அவன் ஹெட்லைட்டை வைத்தே சொல்லிவிடலாம் என்று நம்பியவர் பூமியில் ஒருவர்தான். அவர் ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவில் குடியிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். தெருவுக்கு அவர் டிம் டிப்.

எதிரே வண்டி வந்தால் ஹை பீமைத் தாழ்த்த வேண்டும் என்பது விதி. லைசென்ஸ் தேர்வு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஊரே அந்த விதியை என்னிடம் ஒப்பித்திருக்கிறது. கடைப்பிடித்தவர் டிம் டிப் ஒருவரே, அதுவும் தேவைக்கு மேல். நிற்கும் வண்டிக்கும் தாழ்த்துவார். மேம்பாலத்தடியில் புதிதாக வந்த மின் விளம்பரப் பலகைக்கு ஒருமுறை தாழ்த்திவிட்டு, பதில் வராததால், "பெரிய எடம் போல, மரியாத தெரியல" என்றார்.

எதிராளி தாழ்த்தாவிட்டால் தன் காரை நடுத்தெருவில் நிறுத்துவார். சட்டைப்பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கிப் போய், "ஸ்வல்ப டிம் மாடி சார்" என்று கன்னடத்தில் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லிக் கேட்பார். ஒரு டாக்ஸிக்காரர் கேட்டார்: "இன்னா பெருசு, இருட்டுல கூலிங் கிளாஸ் போட்டுக்குனு கண்ணு தெரியலன்னா, நானா பொறுப்பு?"

மகள் காவ்யாவுக்கு வரன் பார்த்தபோதுதான் விஷயம் முற்றியது. மற்றவர்கள் ஜாதகம் பார்த்தார்கள். அவர் ஹெட்லைட் பார்த்தார். பையன் இருட்டிய பிறகு, தானே கார் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். டிம் டிப் தெருவின் மறுமுனையிலிருந்து தன் காரில் எதிரே வருவார். முதல் வரன் தாழ்த்தவில்லை. இரண்டாவது வரன் தாழ்த்தினான். கூடவே ஹாரனும் அடித்தான். "ஒரு கையால கும்பிட்டு இன்னொரு கையால அறையுறான்" என்று, கேசரி வருவதற்குள் அனுப்பிவிட்டார்.

மூன்றாவது வரன் பிரபு. வைட்ஃபீல்டில் காவ்யாவுடன் வேலை பார்ப்பவன், அவளே தேர்ந்தெடுத்தவன். புத்தம்புதுக் காரில் வந்தான். டிம் டிப்பின் கை ஸ்டீயரிங்குக்கு அடியிலுள்ள விளக்கு ஸ்டிக்கைத் தொடும் முன்பே எதிர் வெளிச்சம் பணிவாகக் கீழிறங்கியது. வாழ்நாளில் முதன்முறையாக அவரை ஒருவன் முந்திவிட்டான். சந்தோஷத்தில் அவரே கேசரி பரிமாறினார். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் அங்கே இருந்த எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

"எனக்கு முன்னாடியே டிம் பண்ணிட்டியேப்பா."

"நான் பண்ணல அங்கிள். முன்னாடி கண்ணாடில கேமரா இருக்கு. எதுர்ல லைட்டு தெரிஞ்சா காரே கொறச்சிக்கும்."

பிரபுவின் நேர்மையில் குறை இல்லை. நேரம் பார்க்கத்தான் தெரியவில்லை.

"அப்ப நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"சும்மா உக்காந்திருந்தேன் அங்கிள்."

டிம் டிப் அவன் கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அப்ப பொண்ண அந்தக் காருக்குத்தான் குடுக்கணும்."

"அப்பா, இவர் இல்லன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்" என்றாள் காவ்யா. குரல் உயரவில்லை. அவர் மகள்தானே, நடுத்தெருவில் நிறுத்திவிட்டால் நகர மாட்டாள்.

அப்பாவும் மகளும் எதிரெதிரே நின்றார்கள். யாரும் தாழ்த்துவதாக இல்லை. தோற்றவருக்கு மறுதேர்வு உண்டு என்ற நடைமுறையை நான் எடுத்துச் சொன்னேன். மறுதேர்வுக்கு வண்டி என்னுடையது. பழையது. அதில் தானாக நடப்பது துருப்பிடிப்பது மட்டுமே.

மறுநாள், விளக்கு வைத்ததும், பிரபு ஓட்ட, ஹை பீமில் கிளம்பினோம். பக்கத்து சீட்டில் தேர்வாளராக நான். எதிரே டிம் டிப் வந்தார், முறைப்படி தாழ்த்தினார். பிரபு இடது ஸ்டிக்கை அழுத்தினான். வைப்பர் ஓடியது. இழுத்தான். கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சியது. மழை இல்லாத மாலையில் எங்கள் கார் மும்முரமாகக் குளித்துக்கொண்டிருந்தது. டிம் டிப் முகத்தைக் கையால் மறைப்பது தெரிந்தது. பிரபு பிரேக்கை மிதித்தான். வலது ஸ்டிக்கைத் திருகி, விளக்கை மொத்தமாக அணைத்துவிட்டான்.

டிம் டிப் இறங்கி வந்தார். கறுப்புக் கண்ணாடி போடவில்லை.

"இன்னாப்பா இது?"

"டிம் எங்க இருக்குன்னு தெரியல அங்கிள். நீங்க மூஞ்ச மறைச்சீங்க. அதான் அணைச்சிட்டேன்."

"விதிப்படி இது ஃபெயில்" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க சார். அவன் கை தேடுச்சு. வைப்பர் ஓடுச்சே, நான் பாத்தேன்." பிறகு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "காவ்யா, நேத்து கேசரி மீதி இருக்கா?"

இப்போது டிம் டிப் மகள் வீட்டோடு வைட்ஃபீல்டில் இருக்கிறார். மருமகன் காரில் முன் சீட்டில் உட்கார்ந்து, அது தானாக வெளிச்சத்தைக் குறைக்கும்போதெல்லாம் "தேங்க்ஸ்ப்பா" என்கிறாராம். பிரபுவுக்கா, காருக்கா என்று யாரும் கேட்டதில்லை.

நான் டார்ச்சுடன் மாலை நடை போகிறேன். எதிரே யாராவது வந்தால் வெளிச்சத்தைத் தரைக்குத் தாழ்த்திக்கொள்கிறேன். நடந்து போகிறவர்களுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.