எலியேசரின் அரைக்கண்

மனிதரில் நீள்ஜெபக்காரர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திராவிட்டாலும் கேட்டாவது இருப்பீர்கள். மூன்று தெரு தள்ளிக் கேட்கும்.

ராஜபாளையத்து எலியேசர் அந்த இனத்தின் திலகம். மில்லில் டைம்கீப்பர். சங்கு ஊதி ஒரு நிமிஷம் பிந்தி வந்தவனையும் வாசலோடு திருப்பி அனுப்புகிற மனுஷர், "அன்பின் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்துவிட்டால், ஆதாமில் புறப்பட்டு, ஆபிரகாம் வீட்டில் இளைப்பாறி, செங்கடலைக் கடந்து நம்மூர் வந்து சேர்வதற்குள் பந்தியில் சோறு ஆறிப்போகும். முழுக்கண்ணையும் மூடமாட்டார். யார் யார் உருகுகிறார்கள் என்று பார்க்க அரைக்கண் வேண்டாமா?

யுத்தகாலம், பெட்ரோல் பஞ்சத்தில் பஸ் ஓடவில்லை. மில் தொழிலாளி சத்தியநேசனின் மனைவி தேவகிருபைக்குத் தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். வண்டிக்கார மாரிச்சாமி மாட்டைப் பூட்டிப் புறவாசலில் நின்றான். அந்த நேரம் பார்த்தா நம்மவர் வந்து நுழைய வேண்டும்?

"செத்த நேரம் பொறுங்க. ஜெபிக்காமப் பொறப்படக் கூடாது."

"அய்யா, சுருக்கா முடிங்க. புள்ள துடிக்குது," என்றான் மாரிச்சாமி.

"ஏலே, ஆண்டவர் காரியத்துல என்னலே அவசரம்?"

தொடங்கினார். ஏதேன் தோட்டத்தைத் தாண்டும்போது அரைக்கண்ணில் பட்டது யார் தெரியுமா? மில் மானேஜர்! கழன்ற சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டு தெருவில் நின்றார். விடுவாரா எலியேசர்? கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தெருப்பக்கம் திரும்பினார். குரல் இரண்டு கட்டை ஏறியது. முதுகுக்குப் பின்னால் முனகல் அடங்கியதும், வீடே உருகிவிட்டதென்று அவர் நெஞ்சு பூரித்தது. மானேஜர் செயினை மாட்டிக்கொண்டு போன பிறகுதான் செங்கடல் வற்றியது.

"ஆமென்!"

பதில் ஆமென் இல்லை. திரும்பிப் பார்த்தார். கட்டிலில் தலையணை, கட்டிலடியில் ஒரு கோழி. அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது.

வண்டியில் தேவகிருபை வழி நெடுக "ஏசப்பா, ஏசப்பா" என்றாள். அதற்குமேல் அவளுக்கு மூச்சில்லை. மாரிச்சாமி தன் பங்குக்கு "அய்யனாரப்பா" என்று மாட்டை விரட்டினான். இன்னும் அரைமணி பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் தப்பியிராது என்றார் டாக்டர். பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம்.

எலியேசர் பிள்ளை பார்க்கப் போனார்.

"பாத்தியா தாயி, எஞ்ஜெபம் எம்புட்டு வேலை செஞ்சிருக்குன்னு!"

"ஆமா அண்ணாச்சி," என்றாள் தேவகிருபை. "நீங்க அந்தப் பக்கம் திரும்பினதாலதானே நாங்க பொறப்பட முடிஞ்சுது."

அன்றைக்குப் பிள்ளைக்காக எலியேசர் செய்த ஜெபம் ஒரே வார்த்தை: "ஸ்தோத்திரம்."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அது கிடக்கட்டும், போன ஞாயிற்றுக்கிழமை ஜெபவேளையில் முன்பெஞ்சுக்காரர் தூங்கி வழிந்தார் என்று வீட்டில் வந்து சொன்னீர்களே, அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?