வேப்பிலை வீட்டில் கை நனைத்த கதை

ஆண்டுக்கு எட்டுப் பெருநாள் வைத்து, எட்டையும் ஒற்றையாளாக நின்று கொண்டாடிய ஒரே மனிதப் பிறவி இந்தச் சுவிஸ் நாட்டில் வேப்பிலைதான். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். அவள் விஷயத்தில் தேரும் அவள்தான், ஊரும் அவள்தான்.

பீல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு அடுத்த மேசையில் வேலை செய்தாள். வயது இருபத்தைந்து இருக்கும். எமென்டால் பக்கத்து விவசாயி ஒருவரின் மகள். அவளுக்கென்று ஒரு முழுப்பெயர் இருந்தது. ஆனால் வேலைக்கு வந்த முதல் நாளே காதில் ஒரு இலைக்கொத்தைச் செருகிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்த குணம் அண்ணை, "ஆரடாப்பா இது, அம்மன் கோயில் வேப்பிலை மாதிரி" என்றார். அன்றோடு பெயர் ஒட்டிவிட்டது. பொருளைச் சொன்னபோது, "அது நல்ல மரமோ?" என்று மட்டும் கேட்டாள். நல்ல மரம் என்றேன். அதற்குப் பிறகு முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியே பார்ப்பதில்லை.

அவள் பேசியது சுவிஸ் ஜெர்மன். நான் பதில் சொன்னது எந்த மொழி என்று ஜெர்மன்காரர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால், அவள் எப்போதும் என்னோடு யாழ்ப்பாணத் தமிழில் பேசியதாகவே காதில் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

குணம் அண்ணையையும் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலையில் எங்கள் பகுதிக்கு மூத்தவர். பேச்சு நின்றால் மூச்சு நின்றுவிடும் என்று நம்புகிறவர். அவருடைய ஒரே மகள் அட்லிஸ்வில்லில், முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். தான் விரும்பிய சுவிஸ் பையனைக் கட்டிக்கொண்டாள். மாதம் ஒருமுறை குணம் அண்ணை கோயிலுக்குப் போவார். திரும்பும் வழியில் மகளின் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, முருங்கைக்காயும் மிக்சரும் போட்ட பையை நீட்டுவார். "ஏனப்பா, மேலை வந்து ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோவன்" என்று மகள் கேட்பாள். "பார்க்கிங் இல்லை" என்பார். இந்த நாட்டில் யாராலும் மறுத்துப் பேச முடியாத காரணம் அது ஒன்றுதான்.

வேப்பிலையிடம் சமயம் கேட்டால், "நான் ஹைடின்" என்பாள். தேவாலயம் வருமுன் இருந்த பழைய வழிபாட்டைப் பிடித்துக்கொண்டவர்களை அப்படிச் சொல்வார்கள். சூரியன், சந்திரன், மரம், தண்ணீர் எல்லாம் சாமி. "எங்களிட்டையும் இதெல்லாம் இருக்கு, பிள்ளை. அதுக்கு மேலை முப்பத்து முக்கோடி இருக்கு" என்று குணம் அண்ணை அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

மிக நீண்ட இரவுக்கு ஒரு பெருநாள், மிக நீண்ட பகலுக்கு ஒன்று, பகலும் இரவும் சமமாகிற நாட்களுக்கு இரண்டு, இடையிடையே நான்கு. நீண்ட பகலன்று விடிய முன்னமே சைக்கிளில் ஏரிக்குப் போய், சூரியனை வரவேற்று, தண்ணீரில் குதித்து, தலையில் பாசியோடு காலை வேலைக்கு வந்து சேருவாள். கடிகாரத் தொழிற்சாலையில் தூசிதான் முதல் எதிரி. தொப்பியும் வெள்ளை மேலங்கியும் போட்டு, தும்மலைக்கூட வெளியே போய்த் தும்மிவிட்டு வருகிறவர்கள் நாங்கள். ஒருநாள் ஒரு கடிகாரக் கண்ணாடிக்குள் காய்ந்த இலைத் துகள் ஒன்று கிடந்தது. எங்கள் செஃப், அதாவது மேலதிகாரி, அதை இடுக்கியில் பிடித்தபடி மண்டபம் முழுக்க ஊர்வலம் வந்தார். அது பிடிபட்ட துகள். பிடிபடாதவை எத்தனையோ. உலகத்தின் ஏதோ மூலையில் ஒரு கோடீஸ்வரன் நேரம் பார்க்கும்போதெல்லாம் வேப்பிலையின் மூலிகையும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

லீவு கேட்டதும் ஒரு கதை. ஜனவரியில் ஒரு புத்தாண்டு முடிந்த பிறகு தமிழருக்குச் சித்திரையில் இன்னொன்று வரும் என்பதையே செஃப் அப்போதுதான் ஜீரணித்திருந்தார். இவள் போய் நின்றாள். "உனக்கு எத்தனை?" என்றார். "எட்டு" என்றாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

எட்டில் ஒன்றுக்கு மட்டும் கூட்டம் குறைவில்லை. அவளுடைய அறுவடைப் பெருநாள் ஆகஸ்ட் முதலாம் திகதி. அன்றைக்குத்தான் சுவிஸ் தேசிய நாளும். மலைக்கு மலை தீ மூட்டி, நாடே வாணவேடிக்கை விடும். "பாத்தியளோ, எல்லாரும் வந்திருக்கினம்" என்று ஏரிக்கரையில் புது மாவில் சுட்ட ஒரு பாணோடு நின்று சொல்வாள். சொல்லும்போது சிரிப்பாள். மற்ற ஏழு நாளையும் தனியாகக் கொண்டாடுகிறவள் என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

ஒரு தைப்பொங்கலுக்கு முதல் நாள், பீல் வழக்கம்போல் மூடுபனிக்குள் கிடந்தது. சூரியனைப் பார்த்து இரண்டு கிழமை. "நாளைக்குப் பொங்கல். சூரியனுக்குப் படைக்க வேணும். ஆளைக் காணேல்லை" என்று அவளிடம் அலுத்துக்கொண்டேன்.

"சூரியன் மேலை இருக்கு" என்றாள் வேப்பிலை. "போவம்."

அடுத்த நாள் வேப்பிலையோடு நானும் மனைவியும் குணம் அண்ணையும் ஒரு பானை, ஒரு கேஸ் அடுப்பு, அரிசி, சர்க்கரை, பயறு சகிதம் மலைமேல் இருக்கும் மக்லிங்கனுக்குப் போகும் கயிற்று ரயிலில் ஏறினோம். பனிச்சறுக்குக் கட்டைகளோடு நின்றவர்கள் எங்கள் பானையைப் பார்த்தார்கள். "இது என்ன விளையாட்டு?" என்று ஒருவர் கேட்டார். குணம் அண்ணை உச்சி வரும்வரை அவருக்கு விளக்கினார்.

மேலே போனால் நீல வானம், முகத்தில் அறைகிற வெயில். கீழே ஊர் முழுவதும் பனிக்கடல். பால் பொங்கியபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. சுற்றிலும் வெள்ளைக்காரர். ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம். வேப்பிலைதான் இரண்டு கையையும் தூக்கி, "பொங்கலோ பொங்கல்" என்று மலை அதிரக் கத்தினாள். சூரியனைப் பார்த்து அப்படிக் கும்பிட்டு எனக்கு எத்தனையோ வருடமாகியிருந்தது.

பனியில் விரிப்பைப் போட்டுச் சாப்பிட்டோம். வேப்பிலை கையாலேயே அள்ளிச் சாப்பிட்டாள். "கை நனைச்சிட்டியள், இனி எங்கடை ஆள்தான்" என்றாள் என் மனைவி. ஒரு வீட்டில் கை நனைத்தால் உறவு, கோபமென்றால் நனைக்க மாட்டோம் என்று நான் விளக்கம் சொன்னேன். வேப்பிலை விரலை நக்குவதை நிறுத்திவிட்டாள்.

"என்ரை அப்பா என்ரை மேசையிலை கை நனைச்சதே இல்லை" என்றாள்.

அப்பா தேவாலயத்தை விடாத மனிதர். மகள் மரத்தையும் சந்திரனையும் கும்பிடப் போனதும், உன் பெருநாள் மேசையில் நான் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் மாதம் தவறாமல் தன் மாட்டுப் பாலில் செய்த சீஸ் கட்டியோடு வருவார். கால்மிதியில் நின்று கொடுப்பார். அடுப்பு ஒழுங்காக எரிகிறதா, சைக்கிள் பிரேக் பிடிக்கிறதா என்று கேட்பார். போய்விடுவார். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவள் அவருக்கென்று ஒரு தட்டு வைத்துக் காத்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அவர் மாரடைப்பில் போய்விட்டார். அவளுடைய சமயத்தில் அக்டோபர் கடைசி நாள் மாலையில் இறந்தவர்களுக்கு உணவு வைப்பார்கள். அன்றைக்கும் வைக்கிறாள்.

"விடிய எழும்பிப் பாத்தா வைச்சது வைச்சபடி இருக்கும். உயிரோட இருக்கேக்கை வராதவர் இப்பவும் வரேல்லை" என்றாள்.

பேச்சுக்குப் பஞ்சமில்லாத குணம் அண்ணை பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அது என்ன சீஸ், பிள்ளை?" என்று கேட்டார்.

அந்த அக்டோபர் கடைசி நாளுக்கு வேப்பிலையிடமிருந்து எனக்கும் மனைவிக்கும் அழைப்பு வந்தது. வீட்டு வாசலைத் தாண்டியதும் யாரும் பேசக் கூடாது. உணவு முடிந்து மெழுகுவர்த்தி அணையும்வரை மௌனம். அதுதான் சட்டம். மனைவி கடைசி நேரத்தில் மறுத்தாள். "செத்தவையோட இருந்து சாப்பிட என்னாலை ஏலாது. நீங்கள் போங்கோ." வேப்பிலைக்குச் சொன்னோம். அவள் தனக்கு, எனக்கு, அப்பாவுக்கு என்று மூன்று தட்டு வைத்தாள்.

அவள் வீடு பீலுக்கு மேலே மலைக் கிராமத்தில். குணம் அண்ணை காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். வழியில் அவருக்கு எல்லாம் விளக்கத் தொடங்கினேன்.

"அங்கை வாயைத் திறக்கக் கூடாது, அண்ணை."

"அப்ப எப்பிடிச் சாப்பிடுறது?"

"சாப்பிடத் திறக்கலாம். கதைக்கத்தான் கூடாது. அதோட, அங்கை தேப்பனுக்கு எண்டு..."

"கதைக்காமல் சாப்பிடுறது சமிபாட்டுக்கு நல்லதாம், டாக்டரே சொன்னவர்" என்று அவர் தொடங்கினார். வீடு வரும்வரை சமிபாடு முடியவில்லை. அவள் அப்பாவின் தட்டு விஷயம் என் வாயிலேயே தங்கிவிட்டது.

என்னை இறக்கிவிட்டுக் காரிலேயே காத்திருப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அந்த மாலையில் வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். வேப்பிலை கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்து, அவரையும் கையால் அழைத்தாள். பிறகு நான்காவது தட்டு எடுக்கச் சமையலறைக்குப் போனாள்.

குணம் அண்ணை மேசையைப் பார்த்தார். ஜன்னலோரம் மேசையின் தலைப்பக்கம் ஒரு கதிரை. அதற்கு முன்னால் மெழுகுவர்த்தி, தட்டு நிறையப் பூசணிக்காய் சூப், பாண், சீஸ், ஒரு கிளாஸ் ஆப்பிள் சாறு. வயதுக்கு மரியாதை தெரிந்த பிள்ளை என்று முகத்திலேயே தெரிய, போய் அதில் உட்கார்ந்துவிட்டார். செத்தவருக்கான படையல் எங்கள் வீடுகளைப்போல் வெளியே இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

நான் இரண்டு கையையும் வீசினேன். அவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டுக் கரண்டியை எடுத்தார். நான் மெழுகுவர்த்தியைக் காட்டினேன். வெளிச்சம் போதும் என்று சைகை செய்தார். மேலே வானத்தைக் காட்டினேன். சாமி கும்பிடச் சொல்கிறேன் என்று நினைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் மௌனத்தைக் கலைத்தால் அவளுடைய ஒரு வருடக் காத்திருப்பு கெட்டுவிடுமே என்ற பயம் எனக்கு.

வேப்பிலை நான்காவது தட்டோடு வந்து நின்றாள். அவர் பாணைப் பிட்டுத் தட்டை வழித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வெறும் தட்டை நீட்டினார்.

அவள் அசையவில்லை. பிறகு கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு, சட்டியைக் கொண்டுவந்து அவருக்கு இரண்டாம் தரம் வார்த்தாள். அவள் கன்னத்தால் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குணம் அண்ணை அதைச் சமையலுக்குக் கிடைத்த பாராட்டின் ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டு, பெருவிரலை உயர்த்திக் காட்டினார். நான் என் சூப்பைப் பார்த்தபடி இருந்தேன்.

மெழுகுவர்த்தியை ஊதியபின், "அது என்ரை அப்பான்ரை இடம்" என்றாள்.

குணம் அண்ணை பாதி எழும்பி, அப்படியே நின்றார். "பிள்ளை, நான் தெரியாமல்..."

"இருங்கோ" என்றாள். "நல்லா இருந்ததோ?"

அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாத இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுவது அவர் பழக்கம். "உப்புக் கொஞ்சம் காணாது" என்றார்.

அவள் அழுதபடியே சிரிக்கத் தொடங்கினாள். நான் அவசரமாக எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். படைத்துவிட்டுக் காகத்தைக் கூப்பிடுவோம், காகம் வாய் வைத்தால் போனவர் வந்து சாப்பிட்டதாக அர்த்தம் என்றேன். "அப்ப வந்தவர்" என்றாள் வேப்பிலை. "ரெண்டாம் தரமும் கேட்டவர்." தன்னைக் காகம் ஆக்கியதற்குக் குணம் அண்ணை கோபிக்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் சத்தமே இல்லை. நான்தான் பயந்துபோய்ப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். பீலின் முதல் சிவப்பு விளக்கில் நின்றபோது, "என்ரை மகள் எப்பிடிச் சமைப்பாள் எண்டு எனக்குத் தெரியாது" என்றார். விளக்குப் பச்சையான பிறகும் கார் நின்றது. பின்னால் நின்றவர் ஹோன் அடித்தார்.

அந்த ஞாயிறு அவருடைய மகள் எனக்குப் போன் எடுத்தாள்.

"மாமா, அப்பா வந்தவர். பார்க்கிங் தேடிச் சுத்திப்போட்டு, காரை எங்கையோ விட்டிட்டு நடந்து வந்தவர். மேசையிலை இருந்து சாப்பிட்டவர். ஆனா ஒரு சொல்லும் கதைக்கேல்லை. ஆளுக்கு ஏதும் சுகமில்லையோ?"

"ரெண்டாம் தரம் போடச் சொல்லிக் கேட்டவரோ?"

"ஓம்."

"அப்ப சுகமாத்தான் இருக்கிறார், பிள்ளை."

அடுத்த அக்டோபருக்கும் குணம் அண்ணை போனார். கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டியும் கட்டியிருந்தார். "ஒரு தேப்பனாப் போறன். சும்மா போகேலுமோ?" என்று என்னையே கேட்டார். உப்பு சரி என்று அந்த முறை சைகையால் சொன்னார்.

பிறகு வேப்பிலை மூடுபனிக்கு மேலே வாழப்போவதாகச் சொல்லி, கூர் என்ற ஊருக்குப் பக்கத்தில் மலைமேல் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். எட்டுப் பெருநாளுக்கும் போன் பண்ணுவாள். இப்போது அவள் தனியாள் இல்லை. அக்டோபர் மாலையில் இல்லத்துப் பெரியவர்கள் எல்லாரும் அவளோடு இருந்து பூசணி சூப் குடிக்கிறார்களாம். பாதிப் பேருக்குக் காது கேட்காதபடியால் மௌனம் தன்பாட்டில் வந்துவிடுகிறதாம். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே அடுத்த மேசைக்கு ஒரு பொடியன் வந்திருக்கிறான். சுத்தமான பிள்ளை, ஒரு தூசி கிடையாது. எனக்கு அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

போன அக்டோபர் கடைசி நாள் குணம் அண்ணையைச் சாப்பிடக் கூப்பிட்டேன். மனைவி பூசணிக்காய்க் கறி வைத்தாள். மேசையில் வேப்பிலைக்கென்று ஒரு தட்டைக் கூடுதலாக வைக்கப் போனேன். "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆரும் இண்டைக்குத் தட்டு வைப்பினமோ? உங்களுக்கென்ன விசரோ?" என்று அதைப் பறித்துக்கொண்டு போனாள். அவள் சொல்வது நியாயம்தான். அதனால் தட்டு வைக்கவில்லை. ஜன்னலோரக் கதிரையை மட்டும் கொஞ்சம் வெளியே இழுத்து விட்டேன்.

குணம் அண்ணை வந்தார். கதிரையைப் பார்த்தார். அதை அப்படியே விட்டுவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சோபாவில் உட்கார்ந்தார்.