தலையாட்டும் நாணயம்

கல்லூரி வாசலில் அப்படியொரு கூட்டம். படிக்க வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள்; படிக்காமலே தேற வந்த கூட்டம்!

கல்லூரியின் நூற்றாண்டுக்குப் பித்தளையில் நினைவு நாணயம் வெளியிட்டிருந்தார்கள். அதை விற்று வரும் தொகையில்தான் ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை. என் தங்கை மகளின் படிப்பும் அதை நம்பித்தான் இருந்தது. ஆனால் உள்ளே விற்பனை மேசையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே நாணயச்சாமி கடை விரித்துவிட்டாரே! அதே அச்சில், 'அருளேற்றிய' நாணயம். தட்டில் வைத்து, "பையன் தேறுவானா?" என்று கேட்டால் அசைந்து தலையாட்டுமாம். படிப்பு உள்ளே இறங்கட்டும் என்று ஒரு மாணவன் அதை விழுங்கியே விட்டான். இறங்கியது, மறுநாள் காலையில்.

இதில் என் மானம் எங்கே போனது தெரியுமா? சாமியின் தலைமைச் சீடன் என் தம்பி! யாருக்கும் தலைவணங்காத குடும்பம் எங்களுடையது. இவன் சில்லறைக்கு வணங்கினான். காதைப் பிடித்து இழுத்துவரப் போனேன். தங்கை மகள் முந்திக்கொண்டாள்.

"சாமி, தட்டை ஏன் மேசைய விட்டு எடுக்கவே மாட்டேங்கிறீங்க? கையில வச்சா ஆடாதா?"

"சந்தேகப்படுறவங்க கையில ஆடாதும்மா."

"அப்ப எங்க சின்ன மாமா கையில குடுங்க. அவருக்குச் சந்தேகமும் கிடையாது, யோசனையும் கிடையாது."

தம்பி பெருமையோடு தட்டை ஏந்தினான். கேட்டான். கெஞ்சினான். நாணயம் அசையவில்லை. "என் பக்தியில என்ன சாமி குறை?" என்று அலறி, தட்டோடு மேசையைச் சுற்றி ஓடிக் காலில் விழுந்தான். அவன் இடுப்பில் தொங்கிய இரும்புச் சாவிக்கொத்து தாவிப்போய்ச் சாமியின் முழங்காலில் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது!

"ஆகா! சாவிக்கும் அருள் வந்துடுச்சு!" என்று கூட்டம் கைகூப்பியது. ஒருவர் தன் வீட்டுப் பூட்டையே நீட்டினார்.

"மாமா, இழுங்க!"

இழுத்தான். அங்கி கிழிந்தது. சாவியோடு வந்தது, உள்ளங்கை அகலக் காந்தம். தட்டிலிருந்த நாணயமும் துள்ளி அதில் ஒட்டியது. பித்தளைப் பூச்சுக்குள் அத்தனையும் இரும்பு!

"பேருல மட்டும்தான் நாணயமா சாமி?" என்றாள் தங்கை மகள். பதில் சொல்லச் சாமி அங்கே இல்லை.

"அண்ணே..." என்று தலையைச் சொறிந்தான் தம்பி.

"பேசாதே. உள்ளே போய்ப் பித்தளை நாணயம் வாங்கு."

"அது ஆடாதே அண்ணே!"

"ஆடாதுடா. ஒரு பொண்ணைப் படிக்க வைக்கும்."

போனான். அவன் பின்னாலேயே கூட்டமும் போய் வரிசை கட்டியது. தங்கை மகளின் படிப்பு பிழைத்தது. தம்பிக்கு அடுத்து நின்றவர் விற்பவரிடம் மெல்லக் கேட்டார்: "இதைத் தலையணைக்கு அடியில வைக்கணுமா, தலைமேல வைக்கணுமா?"

காந்தத்தைக் கண்டால் இரும்பு ஓடும். அதற்கு மூளை இல்லை. மனிதா, உனக்கு என்ன வந்தது?