செயலாளர் வீட்டுச் சிவப்பு கிடார்

'கீஈஈஈ' என்று ஓர் அலறல். மூன்று மாடிகளிலும் கதவுகள் திறந்தன. கீழே வாட்ச்மேன், திருடன்தான் என்று முடிவு செய்து, கம்பை எடுத்துக்கொண்டு சத்தம் வராத பக்கமாக ஓடினார்.

அலறியது ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிடார். அலறிய இடம், குடியிருப்போர் சங்கச் செயலாளரின் வீட்டுக் கூடம்.

"ஒண்ணுமில்ல. ஸ்பீக்கருக்கு ரொம்பப் பக்கத்துல வெச்சுட்டேன்," என்று பால்கனியில் நின்று அறிவித்தார் செயலாளர்.

அந்தக் கட்டடத்தில் பிறர் காதில் விழும்படி யாரும் எந்த ஓசையும் எழுப்பக் கூடாது. ஏழாவது விதி. எழுதியவர் அவரேதான். அந்த விதியின்கீழ் மூன்றாம் மாடி மிக்ஸிக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. சத்தமாகத் தும்மிய ஒருவருக்கு வாய்மொழி எச்சரிக்கை.

அப்பேர்ப்பட்டவர் கிடார் வாங்கக் காரணம், மேல்மாடி பல் டாக்டர். போன வருஷச் சங்கக் கூட்டத்தில் அவர் மகன் கீபோர்டு வாசித்துக் கைதட்டல் வாங்கினான். இந்த வருஷம் டாக்டரே செயலாளர் பதவிக்கு நிற்கிறார். கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மேடையில் நம் மகள் கிடாரோடு நின்றால் ஓட்டு தானாக விழும் என்று செயலாளர் கணக்குப் போட்டார். மகளுக்கு வயது பத்து. கிடார் வேண்டுமா என்று அவளைக் கேட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

கடைக்காரர், சின்னக் கைக்குச் சின்ன அளவு கிடார்தான் சரி என்றார். இருப்பதிலேயே மலிவான பெரிய கிடாரைக் காட்டி, "வளர்ற பொண்ணுதானே," என்றார் செயலாளர். இந்த விலையில் கம்பி தூக்கலாக நிற்கும், அழுத்தினால் விரல் வலிக்கும் என்று கடைக்காரர் எச்சரித்தார். வலித்தால்தான் பழகுகிறாள் என்று அர்த்தம் என்று அதற்கும் பதில் இருந்தது. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் இலவசமாகக் கிடைத்தது.

வாரைத் தோளில் மாட்டியபோது, கிடாருக்கு மேலே பாப்பாவின் தலையும், கீழே இரண்டு பாதங்களும் மட்டும் தெரிந்தன.

மூன்றாம் நாள் மாலை புகார்ப் பெட்டியில் ஒரு காகிதம் கிடந்தது.

புகார்ப் பெட்டி செயலாளரின் பெருமை. கேட்டருகே, வாட்ச்மேன் தலைக்கு மேலே தொங்குகிறது. தினமும் மாலை ஆறு மணிக்குத் திறப்பார். இருபத்துநாலு மணி நேரத்தில் நடவடிக்கை. போட்டவர் யார் என்று எவரும் கேட்கக் கூடாது, எவரும் சொல்லக் கூடாது. ஒன்பது வருஷத்தில் ஒரு புகாரும் அவர்மேல் வந்ததில்லை.

'இரண்டாம் மாடியில் மேற்படி கிடார் ஓசை எழுப்புவதால் ஏழாவது விதி மீறப்படுகிறது. உடனடி நடவடிக்கை தேவை.'

லிஃப்ட் நோட்டீஸின் பின்பக்கத்தில், எழுத்தெழுத்தாகப் பிரித்து எழுதியிருந்தது. அந்த நோட்டீஸ் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

"எழுதினவன் விவரமான ஆளு. 'மேற்படி' போட்டிருக்கான் பாரு," என்றார் மனைவியிடம்.

"என்னங்க, புகார் உங்க மேல. விசாரிக்கிறதும் நீங்கதானா?"

"நேர்மைன்னா அப்படித்தான்."

தனக்குத் தானே நோட்டீஸ் எழுதினார். வெளியே போய்த் தன் வீட்டுக் கதவின் அடியில் தள்ளினார். உள்ளே வந்து எடுத்துப் படித்தார். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டார். அவர் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் பாப்பா வந்து விரல் நுனிகளைக் காட்டி ஏதோ சொன்னாள். "ம்," என்றார்.

பயிற்சி இரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரமாகக் குறைந்தது.

அடுத்த புகார் இரண்டே நாளில் வந்தது. ஒரு மணி நேரமும் அதிகமாம். அரை மணியாக்கி, ஸ்பீக்கர் பெட்டியில் ஹெட்போனைச் செருகி அவள் காதில் மாட்டிவிட்டார். அதன்பின் வந்த புகார், 'ஹெட்போன் மாட்டினாலும் கம்பியைத் தட்டும் டொக் டொக் ஓசை கேட்கிறது' என்றது. செயலாளர் கட்டில் மெத்தையை உருவிச் சுவரோரம் நிறுத்தினார். மனைவிக்குத் தரையில் படுத்து இடுப்பு பிடித்துக்கொண்டது.

"பொண்ணு வாசிக்கிறாளோ இல்லையோ, என் இடுப்பு தாளம் போடுது," என்றாள் அவள்.

அந்த வாரம் பெட்டியைத் திறக்கப் போனவர், அதன் அடியில் கிடந்த ஸ்டூலில் முட்டிக்கொண்டார். "இதை யாருய்யா இங்க இழுத்துப் போட்டது?" என்று வாட்ச்மேனைக் கடிந்தார். வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்.

பெட்டியில் இருந்தது: 'தற்போது ஓசை இல்லை. ஆனால் எந்த நேரமும் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் குடியிருப்போர் வாழ்கிறார்கள்.'

செயலாளருக்குப் பொறுக்கவில்லை. பல் டாக்டரின் கிளினிக்குக்கே போனார். டாக்டர் யாரோ ஒருவரின் வாய்க்குள் குனிந்திருந்தார்.

"தைரியம் இருந்தா நேர்ல மோதுங்க டாக்டர். எதுக்கு இப்படி மொட்டைப் புகார்?"

டாக்டர் நிமிர்ந்தார். "உங்க மேல புகாரா? எனக்குத் தெரியவே தெரியாதே செயலாளர் சார். சொன்னதுக்கு ரொம்ப நன்றி."

நாற்காலியில் வாயைத் திறந்து கிடந்தவர் முதல் மாடிக்காரர். நாற்காலியை விட்டு இறங்கிய பிறகும் அவர் அந்த வாயை மூடவில்லை. சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மிக்ஸிக்காரம்மாள் லிஃப்டில் செயலாளரைப் பார்த்துச் சிரித்தார். தும்மல்காரர் அவர் வீட்டு வாசலில் நின்று, நிதானமாக, மூன்று முறை தும்மிவிட்டுப் போனார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் கடைசிப் புகார். 'மேற்படி கிடாரை உடனே வளாகத்தை விட்டு வெளியேற்றவும். தவறினால் இக்கடிதம் நாளைய கூட்டத்தில் வாசிக்கப்படும்.'

பாப்பா பக்கத்தில் வந்து நின்று, "அப்பா..." என்று ஆரம்பித்தாள்.

"இரு கண்ணு. அப்பா பதவியே போகப் போகுது."

யோசித்துப் பார்த்தார். கிடார் போனால் கைதட்டல் போகும். கிடார் இருந்தால் ஒன்பது வருஷப் பெயர் போகும். கிடாரைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தார். சொந்த மகள் என்றும் பாராமல் விதியைக் காத்தவர் என்று கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாமே.

செய்தி கேட்டதும் பாப்பா ஓடிப்போய்க் கிடாரை உறைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து, வாசல் வரை தானே தூக்கிவந்து கொடுத்தாள். அழவில்லை. தன்னைப் போலவே மன உறுதி என்று செயலாளர் மனைவியிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

கேட்டில் வண்டிக்குக் காத்திருந்தபோது அவர் மனம் ஆறவில்லை. குழந்தை கையிலிருந்து கிடாரைப் பிடுங்க வைத்த பாவி யார் என்று தெரிந்தே ஆக வேண்டும்.

"பெட்டி உன் தலைக்கு மேலதானே இருக்கு. போட்டது யாரு, சொல்லு."

"சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சார் விதி போட்டிருக்கீங்க."

"அந்த விதியை இந்த நிமிஷமே ரத்து பண்றேன். பல் டாக்டர்தானே?"

வாட்ச்மேன் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"நம்ம பாப்பாதான் சார், ஸ்கூல் பஸ்ஸுக்கு முன்னாடி இந்த ஸ்டூல் மேல ஏறிப் போட்டுட்டுப் போகும். அப்பாகிட்ட வாயால சொன்னா 'ம்'னு மட்டும்தான் சொல்றாராம், பெட்டியில போட்டா இருபத்துநாலு மணி நேரத்துல நடவடிக்கை எடுக்கிறாராம்."