ஸ்கேனுக்கு முன் கேட்ட மன்னிப்பு

நெஞ்சு வலிக்காமலேயே நெஞ்சு ஸ்கேனுக்குக் கிளம்பி, ஸ்கேனும் எடுக்காமல், ஆயுள் முழுக்கத் தலைவலியை வாங்கிக்கொண்டு வந்தவன் எங்கள் கம்பம் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நடந்தது. எனக்கு நாற்பத்தெட்டு வயது, ஏலக்காய் வியாபாரம். சர்க்கரையோடு கொழுப்பும் ஏறிவிட்டது என்று தேனி டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதினார். என் மனைவி நூர்ஜஹான் அன்றே தேங்காய்க்கும் ஆட்டுக்கறிக்கும் தடை போட்டாள். "அந்த மாத்திரைய ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் விட முடியாது" என்று டீக்கடையில் எவனோ சொன்னதை நம்பி, எட்டு மாதமாக மாத்திரையை மாதுளைச் செடித் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். (செடி நன்றாகத்தான் இருந்தது.)

அப்போது என் மச்சினன் ஜபருல்லா மதுரையில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தான். இதய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன். "ஊசி கெடையாது, வலி கெடையாது மச்சான். சும்மா படுத்து எந்திரிச்சேன். சுத்தமா இருக்குன்னுட்டாக!" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டான். எனக்கும் ஆசை வந்தது. சுத்தம் என்று வந்தால் அதைக் காட்டியே மாத்திரைக்கு முழுக்குப் போட்டுவிடலாமே! சனிக்கிழமை தேனி டாக்டரிடம் சீட்டு வாங்கி, அப்படியே மதுரை போவதாகத் திட்டம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பயம் பிடித்தது. சுத்தமில்லை என்று வந்தால்? அங்கேயே படுக்கப்போட்டு நெஞ்சைத் திறந்துவிட்டால்? எங்களில் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் வீடு வீடாகப் போய், "தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிப் பொருந்திக்கிடுங்க" என்று கேட்டுவிட்டுக் கிளம்புவார்கள். நான் மதுரைக்குப் போவதற்கே மன்னிப்புக் கேட்கக் கிளம்பினேன். அவர்கள் பொதுவாகக் கேட்பார்கள். நான் மேதாவி, விவரத்தோடு கேட்டேன்.

முதலில் திராட்சைத் தோட்டத்துச் சின்னச்சாமி அண்ணன்.

"அண்ணே, ஒங்க கோம்பை நாயி அசல் இல்ல, கலப்புன்னு சொன்னது நாந்தேன். மன்னிச்சிருங்க."

"ஏலே, நீதானா அது? எங்க மாமன்தேன் சொன்னாகன்னு ரெண்டு வருசமா அவுகளோட பேச்சுவார்த்தை இல்லாம இருக்கேன்டா!"

நாய் என்னை வேலி வரைக்கும் விரட்டி வந்து வழியனுப்பியது. அசல் கோம்பைதான், சந்தேகமே இல்லை.

சாயங்காலம் நூர்ஜஹானிடம் மாதுளைத் தொட்டி விஷயத்தைச் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதுவிட்டாள்.

"எட்டு மாசமா ஒங்களுக்காக நானும் தேங்கா இல்லாத கொழம்பத் தின்னேனே! எனக்குன்னு ஒரு கறித்துண்டு பொரிச்சிருப்பேனா?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. (உத்தமபாளையம் பரோட்டாக் கடைக்குப் போய்வந்த கதையும் பாக்கியிருந்தது. வாய் வரவில்லை.)

மறுநாள் நூர்ஜஹானும் தேனிக்குக் கூடவே வந்தாள். ஸ்கேனுக்குச் சீட்டு கேட்டதும் டாக்டர் சிரித்தார். "ஸ்கேன் ஒங்களுக்கு எதுக்கு? மாத்திரை ஆரம்பிக்கலாமா வேண்டாமான்னு சந்தேகமா இருக்கிறவங்களுக்குத்தான் அது உதவும். ஒங்களுக்கு வேணும்னு எப்பவோ முடிவாச்சு. சுத்தம்னு வந்தாலும் நிறுத்த மாட்டேன். சுண்ணாம்பு இருந்தாலும் மாத்திரைதான். அதை ஒழுங்காப் போடுறீங்கள்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் நூர்ஜஹான் முந்திக்கொண்டாள். "மாதுளஞ்செடி ஒழுங்காப் போடுது டாக்டரு."

ஆக, ஸ்கேனும் இல்லை, மதுரையும் இல்லை. கேட்ட மன்னிப்பெல்லாம் வீண். அன்றிலிருந்து அவள் கண் முன்னால் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டுகிறேன்.

வீட்டில் நான் எதையாவது மறைக்கிற மாதிரி முழித்தால் போதும், "அத்தா, ஸ்கேனுக்குச் சீட்டு வாங்கவா?" என்பாள் மகள். உடனே உண்மையைக் கொட்டிவிடுவேன். பரோட்டாக் கடை விஷயமும் போன மாதம் அப்படித்தான் வெளியே வந்தது.