ஜப்பான் செட்டில் பேசிய ஷைஜா

இரணியலில் செத்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

சும்மா இல்லை, ஸ்டீரியோவில் பேசினார்கள். இடது பெட்டியில் கொஞ்சம், வலது பெட்டியில் கொஞ்சம். உயிரோடு இருந்தபோது கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை வாய் திறந்த பெரியப்பாக்கள்கூட இப்போது ஞாயிறுதோறும் மூச்சு விடாமல் பேசினார்கள். அஞ்சுகிராமத்திலிருந்து வேன் வந்தது. சிதறாலிலிருந்து ஆட்டோ வந்தது. உள்ளே ஆட்களுக்கு நடுவில், பெட்ஷீட் சுற்றி, பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவதுபோல ஸ்பீக்கர் பெட்டிகள் வந்தன.

பேச வைத்தவர் பிரதர் ஜெப்சன். மூடிக்கிடந்த ஒரு முந்திரி ஆலையை வாடகைக்குப் பிடித்திருந்தார். அவருடைய தத்துவம் எளிது. நல்ல ஸ்பீக்கர் ஒருமுறை குடித்த குரலை விடாது. வீட்டில் பேசிய பேச்சும் சிரித்த சிரிப்பும் உள்ளே ஊறிக் கிடக்கும். வெளியே எடுக்க அருள் வேண்டும். அந்த அருள் குமரி மாவட்டத்தில் ஒருவருக்குத்தான் கிடைத்திருக்கிறது. அவர் யார் என்பதை அவரே சொல்லிவிட்டார்.

ஜெப்சன் சாதி கேட்கமாட்டார். மதம் கேட்கமாட்டார். "ஒரிஜினல் ஜப்பானா?" என்று மட்டும் கேட்பார். சைனா செட் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். ஆவிகளுக்கும் தரம் தெரிகிறதே என்று கூட்டம் பெருமைப்பட்டது.

நிபந்தனையும் உண்டு. பெட்டியை அவரிடமே விட்டுவிட வேண்டும். திறக்கக்கூடாது, தூக்கக்கூடாது. அசைந்தால் குரல் கலங்கிவிடும்.

இதைப் போய் நம்புவார்களா? நம்புவார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் இளமையில் கல்ஃப் வெயிலில் வெந்து ஒரு ஸ்டீரியோ செட் வாங்கியவர்கள். "அந்த சவுண்டு இனி வராதுடே" என்று கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் சொல்லித் திரிந்தவர்கள். பெற்ற பிள்ளைகள் அதைக் கேட்டுக் கொட்டாவி விட்டார்கள். ஜெப்சன் கொட்டாவி விடவில்லை. "உங்க செட்டுக்கு உயிர் உண்டு" என்றார். போதாதா?

ஜெபதாஸும் அவர்களில் ஒருவர். சவுதியில், தமாமில் வெல்டராக இருந்தபோது வாங்கிய செட். ஒரு பெட்டியைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டும் என்பதுதான் அவர் வாழ்க்கையின் சாதனை. வருகிறவர்களையெல்லாம் தூக்கிப் பார்க்கச் சொல்வார். வால்யூம் குமிழைத் தொட மட்டும் விடமாட்டார். மகள் ஷைஜா தொடுவாள். பெட்டியில் முதுகை ஒட்டி உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவள்.

ஷைஜா போன வருஷம் டெங்குவில் போனாள். டெனிஷ் அவள் புருஷன். அவன் அழவில்லை. அதற்குப் பிறகு அதிகம் பேசவும் இல்லை. எம்.காம். படித்த பையன், கல் மாதிரி ஆகிவிட்டான் என்றார்கள். வேலைக்குப் போனான், வந்தான், மாமனார் வீட்டில் சாப்பிட்டான்.

பெட்டியில் ஷைஜா பேசினாள் என்று மாமனாரும் மாமியாரும் அழுதுகொண்டு வந்தபோதும் அவன் தடுக்கவில்லை. ஏமாந்தாலாவது கொஞ்சம் தூங்குவார்கள் என்று நினைத்தான்.

அந்த வாரமே மாமியார் நேசபாய் அடுக்களையில் தலைசுற்றி விழுந்தார்.

"மாமி, பிரஷர் மாத்திரை போட்டியளா?"

"அது எதுக்கு மக்கா? அவதான் சொல்லியாச்சுல்லா, 'மருந்து வேண்டாம்மா, நான் பாத்துக்கறேன்'னு."

டெனிஷ் ஏற்கெனவே ஒரு குழிக்கு மண் போட்டிருந்தான். அடுத்த ஞாயிறு அவனும் ஆலைக்குப் போனான்.

கூடம் நிறைந்திருந்தது. மேடையில் வரிசையாகப் பெட்டிகள். பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஜெப்சனின் மனைவி ரெஜிலா ஜெபத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். ஜெப்சன் கண்ணை மூடிக் கையை உயர்த்தினார். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது. இரைச்சல். அப்புறம் ஒரு பெண்குரல்.

"அப்பா... அழாதீங்க... நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன்..."

ஷைஜா உயிரோடு இருந்தபோது யாராவது அழுதால் "சும்மா கரையாதியும்" என்பாள். செத்த பிறகு சீரியல் தமிழ் படித்திருக்கிறாள்.

டெனிஷ் எழுந்து மேடைக்குப் போனான். மாமனாரின் பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்தான். ரெண்டு வயரையும் பிடுங்கி எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினான்.

"அம்மா... மருந்து வேண்டாம்மா..." என்றது பெட்டி.

ஆலையே அதிர்ந்தது.

"வயரே இல்லாம பேசுகாடே!"

"தோத்திரம்!"

"முருகா!"

"பாத்தியளா?" ஜெப்சன் நெஞ்சில் கைவைத்தார். "சந்தேகப்பட்ட கையே சாட்சி சொல்லிட்டு!"

ஒரு கிழவி டெனிஷின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அறிவைக் காட்டப் போனவன் இன்னும் அரைமணி நேரத்தில் அடியாராகி இருப்பான்.

அவன் மாமனாரைப் பார்த்தான். "மாமா, இங்க வாங்க. பெட்டியத் தூக்குங்க."

"தூக்கக்கூடாது!" ஜெப்சன் பாய்ந்து வந்தார். "குரல் கலங்கிரும்!"

"ஒத்தைக்கு எப்படி மக்கா தூக்க?" என்றார் ஜெபதாஸ், அந்த நேரத்திலும் பழைய பெருமை விடாமல். "ரெண்டாள் வேணும்லா."

"சும்மா தூக்கிப் பாருங்க."

ஜெபதாஸ் மூச்சைப் பிடித்து, இடுப்பை வளைத்து, ஒரே எக்காக எக்கினார். பெட்டி காலிச் சாக்கு மாதிரி தோளுக்கு வந்தது. அவர் மல்லாந்து விழப் பார்த்தார்.

முகம் மாறியது. மகள் குரலைக் கேட்டு உருகிய முகம் அல்ல, வேறு முகம்.

"லேய்! எனக்க ஊஃபர் எங்கலே?"

முன்பக்கத் துணியைக் கிழித்தார். காந்தத்தோடு கனத்த ஊஃபர் ஸ்பீக்கர் இருந்த ஓட்டையில் அட்டை. அட்டைக்குப் பின்னால் தெர்மோகோலில் செருகி வைத்த, கொய்யாப்பழம் அளவு ப்ளூடூத் ஸ்பீக்கர். நீல விளக்கு சிமிட்டியது.

"அப்பா... அழாதீ..." என்றது. அப்புறம் ஒரு வெள்ளைக்காரியின் குரல் தெளிவாகச் சொன்னது: "பேட்டரி லோ."

அதற்குப் பிறகு யாரும் முருகனையும் கூப்பிடவில்லை, தோத்திரமும் சொல்லவில்லை. ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கினார்கள். எல்லாம் லேசு. திரையைப் பிய்த்தார்கள். கையில் குரல் மாற்றும் ஆப் திறந்த போனோடு ரெஜிலா. சுற்றிலும் அட்டைப்பெட்டிகள், உள்ளே ஊஃபர்கள். கொச்சியிலும் பெங்களூரிலும் பழைய ஜப்பான் சாமான்களுக்கு ஆலாய்ப் பறக்கும் பணக்காரர்களுக்குப் போகக் கட்டி வைத்தவை. செத்தவர்களின் குரல் யாருடையது என்று தெரியாதவர்கள், ஊஃபர் யாருடையது என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்தார்கள்.

"இது எனக்கது! இந்தா கீறல்!"

"பிரதரப் பிடிங்கடே, பின்வாசல்ல போறான்!"

பிடித்தார்கள். போலீஸ் வரும்வரை ஜெப்சனுக்கு எந்த ஆவியும் துணைக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேசபாய் கேட்டார்.

"அப்ப அவ பேசல்லியா மக்கா?"

"இல்ல மாமி."

சொல்லும்போதே டெனிஷ் அழுதுவிட்டான். ஒரு வருஷத்துக்குப் பிறகு.

நேசபாய் அவன் முகத்தைத் துடைத்துவிட்டார். "சும்மா கரையாத" என்றார். உள்ளங்கையை நீட்டினார். "அந்த மாத்திரைய எடு."

செத்தவர்கள் பேசமாட்டார்கள். அதனால்தான் அவர்கள் பெயரில் கண்டவனும் பேசுகிறான். நாளை உங்கள் ஊரிலும் ஒரு பெட்டி பேசும். கும்பிடுவதென்றால் கும்பிடுங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.