பெரியகருப்பன் கரடிக்குச் சாட்சி கிடைத்த கதை

ஒரு காட்டில், சிங்கத்தின் கர்ஜனையைவிட வெள்ளைத்தாளுக்கு மரியாதை கூடிப்போன காலத்தில், பெரியகருப்பன் என்றொரு கிழட்டுக் கரடி இருந்தது. அதன் ஒரே சொத்து, ஏழு கூடு தொங்கும் தேன்மரம். மூட்டுவலியில் முடங்கிய கரடிக்குத் தினமும் கிழங்கு தோண்டிக் கொடுத்தது வேலம்மா என்ற முள்ளம்பன்றி. அதன் வளை அந்த மரத்தடியில்தான். கரடி கண்ணை மூடினால் மரம், எட்டிக்கூடப் பார்க்காத அண்ணன் மகனுக்குப் போகும். வேலம்மா அன்றைக்கே நடுத்தெருவில்.

மரத்தை வேலம்மா பேருக்கு எழுதிவைக்கக் கரடி, வக்கீல் ஆந்தையிடம் போனது. ஆந்தை கழுத்தை முழுச்சுற்று சுற்றிவிட்டுச் சட்டம் சொன்னது.

"உயிலுக்கு வெள்ளைத்தாள் போதும் ஐயா. புத்தி தெளிவா இருக்கணும். நீங்க கையெழுத்துப் போடுறதை ரெண்டு பேர் பார்த்து, அவங்களும் போடணும். அந்த ரெண்டு பேருக்கும் உயில்ல ஒரு துரும்புகூட வரக்கூடாது."

ப்பூ, இவ்வளவுதானா என்று நினைத்தது கரடி. காட்டில் அதற்கு விரோதியே கிடையாது. வினை அங்கேதான் இருந்தது.

சாட்சிக்குக் கூப்பிட்ட மான் பேனாவைத் தொடுமுன், "அப்போ எனக்கு ஒண்ணும் எழுதலையா மாமா?" என்று கண் கலங்கியது. முயலுக்குத் திடீரென்று கை சுளுக்கிக்கொண்டது. யானை ஒரு வாழைத்தாரை வைத்துவிட்டு, பிறகு வருவதாகச் சொல்லி நழுவியது. ஆயுசு முழுக்க நல்லவனாக இருந்த குற்றம்! ஒவ்வொன்றும் தனக்கு ஒரு கூடாவது வரும் என்று நம்பிக்கொண்டிருந்தது.

"ரெண்டு விரோதி இருந்தா சுலபம்," என்றது ஆந்தை. "அதுக்காகக் கண்டபடி திட்டிராதீங்க. கிழத்துக்கு மூளை கலங்கிருச்சுன்னு உங்க அண்ணன் மகன் கிளம்பிருவான்."

தெளிந்த புத்தியோடு ஒருவரை எப்படிப் பகைத்துக்கொள்வது? கரடி ஒரு பகல் முழுக்க யோசித்தது. பிறகு மயிலையும் குரங்கையும் வரவழைத்தது. இத்தனை வருஷம் 'ஆஹா' போட்டது மரியாதைக்குத்தான், உன் பாட்டுக்குக் காதில் பஞ்சு வைத்திருந்தேன் என்று மயிலிடம் சொன்னது. உன் மகன் கெட்டிக்காரன் இல்லை என்று குரங்கிடம் சொன்னது. அவ்வளவுதான்.

குரங்கு பல்லைக் கடித்தது. "ஓய், உம்ம தேன்ல ஒரு சொட்டு எங்க வாயில படாது. எங்க வேணா எழுதித் தர்றோம்."

"இங்க," என்று ஆந்தை தாளை நீட்டியது. கரடி கையெழுத்துப் போட்டது, அதைப் பார்த்தபடியே இரண்டும் தாள் கிழியாத குறையாக அழுத்திப் போட்டன.

கரடி போய்ச் சேர்ந்த மறுநாளே அண்ணன் மகன் வழக்குப் போட்டான். எழுதும்போது கிழவனுக்குப் புத்தி தெளிவாக இருந்ததா என்று சிங்கம் மயிலைக் கேட்டது.

"தெளிவாவா?" மயில் விம்மியது. "படுபாவி, ஒவ்வொரு வார்த்தையா யோசிச்சு யோசிச்சுச் சொன்னாருங்க."

மரம் வேலம்மாவுக்கு என்று தீர்ப்பானது.

நீதி: சொத்து சேர்க்கும்போதே நம்பகமான விரோதிகள் இருவரையும் சேர்த்து வை, நண்பர்கள் பங்குக்குத்தான் வருவார்கள்.